செடிக்கும் எதிர்ப்பு சக்தி உண்டு, பாக்டீரியா அதை எப்படித் தாண்டுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களும், பொன்னேரி, மதுராந்தகம் பக்கம் நெல் போடுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பூஞ்சையும் வைரஸும் இதில் இல்லை, பாக்டீரியா மட்டும்தான். "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால்தான் வருவேன். பாக்டீரியா செடிக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால், மருந்து ஏன் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை என்பது தானாகவே புரியும்.

செடிக்கு நோய் எதிர்ப்பு சக்தி என்று ஒன்று நிஜமாகவே உண்டா?

உண்டு. ஆனால் நம்முடையதைப் போல அல்ல. செடிக்கு ரத்தமும் இல்லை, கிருமியைத் தேடிப் போய் விழுங்கும் வெள்ளணுவும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. வேரிலிருந்து கொழுந்து வரை ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காவலில் இரண்டு அடுக்கு இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள், வந்திருப்பது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கண்டுபிடிக்கும். செல்லுக்கு உள்ளே இருப்பவை, குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா செய்யும் குறிப்பிட்ட ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும். நாம் தினமும் பார்க்கும் செடிகள் மேல் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உட்கார்ந்திருந்தும் அவை நோயில்லாமல் நிற்பது இதனால்தான். நோய் வருவது விதிவிலக்கு.

வந்திருப்பது பாக்டீரியா என்று செடிக்கு எப்படித் தெரியும்?

பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படுத்தும் கசையிழை 'ஃபிளாஜெலின்' என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு பல பாக்டீரியாக்களில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் எஃப்.எல்.எஸ்.2 என்ற ஏற்பியை 2000-இல் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டு வந்து ஒட்டிய சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் பொருள்கள் வெளியே கொட்டப்படுகின்றன, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்புறம் செல்சுவரில் 'கேலோஸ்' என்ற பூச்சு படிகிறது.

அந்த 22 அமினோ அமிலத் துண்டைத் தனியாகத் தயாரித்து ஊற்றினாலே செடி இத்தனையும் செய்யும். கிருமியே தேவையில்லை. உயிருள்ளதா செத்ததா என்றெல்லாம் செடி பார்ப்பதில்லை, துண்டு இருந்தால் போதும்.

அப்படியானால் நோய்க்கிருமி அந்த முதல் அடுக்கிலேயே மாட்டிக்கொள்ள வேண்டாமா?

மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். மாட்டிக்கொள்ளாதவைதான் நோய்க்கிருமி என்று பெயர் வாங்குகின்றன.

தக்காளி, கத்தரி வாடலுக்குக் காரணமான ரால்ஸ்டோனியா, அந்த 22 அமினோ அமிலத் துண்டையே மாற்றி வைத்திருக்கிறது. கசையிழை வேலை செய்யும், ஆனால் பெரும்பாலான செடிகளின் ஏற்பிக்கு அது பிடிபடாது. சில சூடோமோனாஸ் வகைகள் வேறு வழி வைத்திருக்கின்றன. உதிர்ந்து கிடக்கும் ஃபிளாஜெலினைச் செடி கவனிப்பதற்குள் ஒரு நொதியால் சிதைத்துவிடும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. சாந்தோமோனாஸ் இனம் தன்னைச் சுற்றி வழவழப்பான பசை ஒன்றைச் சுரக்கிறது. செடியின் எச்சரிக்கைக்குக் கால்சியம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பசை, செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே பாய வேண்டிய கால்சியம் குறைந்தால் எச்சரிக்கையும் மங்கிவிடும், கேலோஸ் பூச்சும் சரியாகப் படியாது. தி.நகர் சூப்பர் மார்க்கெட்டில் சாஸ் பாட்டிலையோ ஐஸ்கிரீம் டப்பாவையோ திருப்பிப் பாருங்கள். 'சாந்தன் கம்' அல்லது 'ஈ415' என்று போட்டிருந்தால் அது இதே பசைதான். முட்டைக்கோஸில் கறுப்பு அழுகல் உண்டாக்கும் பாக்டீரியாவைத் தொட்டிகளில் வளர்த்து எடுப்பது. சாப்பிட ஒன்றும் பயமில்லை.

இலைக்குள் எந்த வழியாக நுழைகிறது?

பாக்டீரியாவால் பூஞ்சையைப் போல இலைத்தோலைத் துளைக்க முடியாது. திறந்திருக்கும் இடமாகப் பார்த்துத்தான் போக வேண்டும்: இலைத்துளை, இலை விளிம்பில் காலையில் நீர் கசியும் துளை, காயம்.

இலைத்துளை வெறுமனே காற்று போய் வரும் ஓட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பாக்டீரியாவைக் கண்டால் செடி அதை வேண்டுமென்றே மூடுகிறது என்று 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று: மூடிய துளைகளைச் சூடோமோனாஸ் சிரிஞ்சே சில மணி நேரத்தில் மறுபடி திறக்க வைக்கிறது. அதற்கு அது பயன்படுத்துவது 'கொரோனட்டின்' என்ற நச்சு. செடி தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் ஜாஸ்மோனிக் அமில ஹார்மோனின் செயல்வடிவத்துக்கு இது அசல் கள்ளச்சாவி. செடிக்குள் ஜாஸ்மோனிக் அமில வழி ஓங்கினால் சாலிசிலிக் அமில வழி தாழும். பாக்டீரியாவை எதிர்ப்பதற்கு முக்கியமானது சாலிசிலிக் அமில வழிதான். அதாவது ஒரே நச்சு துளையையும் திறக்கிறது, உள்ளே இருக்கும் எதிர்ப்பையும் இறக்குகிறது.

நெல் இலைக்கருகல் பாக்டீரியாவுக்கு விளிம்பு நீர்த்துளையும் காயமும்தான் வாசல். நாற்று உயரமாகிவிட்டது என்று நடவுக்கு முன் நுனியைக் கிள்ளி எறியும் பழக்கம் செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறது. கட்டுக் கட்டாகப் பிடித்து ஒரே அரிவாளால் அறுப்பார்கள். ஒரு நாற்றில் கிருமி இருந்தால் அரிவாள் மீதிக் கட்டு முழுவதற்கும் அதைப் பூசிவிடும், ஒவ்வொரு நுனியிலும் பச்சைக் காயம் வேறு. இலைக்கருகல் வரும் வயலில் இதைச் செய்யவே கூடாது.

உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது?

பெரும்பாலான நோய்க்கிருமிகளிடம் நுண்ணிய ஊசி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. 'மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு' என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். பாக்டீரியா செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலுள்ள ஈரமான இடுக்கில் இருந்துகொண்டே, அந்த ஊசி வழியாகத் தன் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்தும். இவற்றுக்கு எஃபெக்டர் புரதங்கள் என்று பெயர். ஒரு ரால்ஸ்டோனியா வகையிடம் எழுபது வரைகூட இருக்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. தக்காளியில் கரும்புள்ளி நோய் உண்டாக்கும் சூடோமோனாஸிடம் 'ஏ.வி.ஆர்.பி.டி.ஓ.பி.' என்று ஒன்று இருக்கிறது. செடியின் ஏற்பிப் புரதங்கள் மேல் 'இதை அழித்துவிடு' என்ற முத்திரையை அது ஒட்டும். பழுதான புரதங்களை அகற்றச் செடி வைத்திருக்கும் சொந்த அமைப்பே அந்த ஏற்பியை அரைத்துத் தள்ளிவிடும். அழிப்பு வேலை எதையும் கிருமி தன் கையால் செய்வதில்லை. வேறு சில எஃபெக்டர்கள் இலையின் உள் இடுக்குகளில் நீர் தேங்க வைக்கின்றன. நோயின் தொடக்கத்தில் இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் எண்ணெய் பட்ட காகிதம் போலத் தெரியும் புள்ளிகள் அதுதான்.

ஊசி அமைப்பை உருவாக்கும் மரபணுக்களைச் சிதைத்துவிட்டால் அதே பாக்டீரியா அதே இலைக்குள் உயிரோடு இருக்கும், ஆனால் பெருகாது, நோயும் வராது. ஆய்வுக்கூடங்களில் பலமுறை செய்து பார்த்த சோதனை இது.

செடி இதற்குப் பதிலடி கொடுக்காதா?

அங்கேதான் இரண்டாவது அடுக்கு வருகிறது. செல்லுக்குள் இருக்கும் காவல் புரதங்கள் எஃபெக்டரை நேராகவோ, அது செய்த சேதத்தை வைத்தோ கண்டுபிடிக்கும். கண்டுபிடித்துவிட்டால் அந்த செல் தன்னையே கொன்றுகொள்ளும். சுற்றியுள்ள செல்கள் உஷாராகும், கிருமி செத்த திசுவுக்குள் அடைபட்டு நின்றுவிடும். எதிர்ப்புத் தன்மையுள்ள ரகங்களில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள் சில நேரம் தெரியும். அதைப் பார்த்துப் பதறி மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம், பெரிதாகிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

செடியின் ஒரு எதிர்ப்பு மரபணுவுக்குக் கிருமியின் ஒரு மரபணு என்று இந்த உறவைச் ஆளி (ஃபிளாக்ஸ்) செடியின் துருநோயை வைத்து 1940-களில் விளக்கியவர் அமெரிக்காவின் ஹரால்டு ஃப்ளோர். அவர் பார்த்தது பூஞ்சைதான், ஆனால் பாக்டீரியாவுக்கும் அதே கணக்கு பொருந்தியது.

நெல் இலைக்கருகலைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்தாலே எங்கள் பக்கம் இலை நுனி வைக்கோலாகிவிடுகிறது.

சாந்தோமோனாஸ் ஒரைசே. ஜப்பானில் 1884-லேயே பார்த்த நோய். காற்றோடு மழை அடித்தால் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் காயமாகும், அந்தத் தண்ணீரே கிருமியை அடுத்த இலைக்குக் கொண்டுபோகும். அதனால்தான் புயல் தாண்டிப் போன ஒரு வாரம் பத்து நாளில் வயல் வெளுக்கிறது. அதிகாலையில் போய்ப் பாருங்கள்: கருகும் விளிம்பை ஒட்டி மஞ்சளாக, பால் போன்ற சின்னத் துளிகள் நிற்கும். வெயில் ஏறினால் அவை காய்ந்து, தொட்டால் உதிரும் மணிகளாகிவிடும். அத்தனையும் பாக்டீரியா.

இந்தக் கிருமி செய்யும் வேலை மற்றவற்றைவிட நூதனமானது. இதன் எஃபெக்டர்களில் ஒரு வகை நெல்லின் செல்லில் உட்கருவுக்குள்ளேயே போய், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் எழுத்து வரிசையைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் உள்ள மரபணுவை முடுக்கிவிடும். எந்த அமினோ அமிலம் எந்த டி.என்.ஏ. எழுத்தைப் பிடிக்கும் என்ற விதியை 2009-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அந்த விதியை வைத்தே பிறகு மரபணு திருத்தும் கருவி ஒன்றையும் செய்தார்கள்.

முடுக்கிவிடப்படும் மரபணு எது தெரியுமா? 'ஸ்வீட்' குடும்பத்தைச் சேர்ந்தது, செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே அனுப்பும் வாயில். நெல்லுக்கு அது வேறு நேரத்தில், வேறு இடத்தில் தேவைப்படும் மரபணு. கிருமி அதை இலையில் திறந்துவிட்டு, தான் இருக்கும் நீர்க்குழாய்ப் பக்கம் சர்க்கரையைக் கசிய வைத்துக்கொள்கிறது. விவசாயி யூரியா போடப் போட இலை செழித்துக் கிருமிக்கும் கொண்டாட்டம். தழைச்சத்து மிஞ்சினால் இந்த நோய் கூடும் என்பது எல்லா நெல் வயல்களிலும் பார்த்த அனுபவம். பிரித்துப் பிரித்துப் போடுங்கள், நோய் தெரிந்த பிறகு மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்கும்படி கோவை வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. செலவில்லாத வேலை, தொடக்கத்திலேயே செய்ய வேண்டும்.

எதிர்ப்பு ரகம் என்று சொல்லித்தான் விதை வாங்கினேன். சில வருடம் நன்றாக இருந்தது, இப்போது நோய் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அப்படி அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். நம் பக்கத்துக் கதையே ஒன்று சொல்கிறேன்.

திருவள்ளூர் அருகே திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம் டி.கே.எம். 6. தண்டு துளைப்பானைத் தாங்கும் ரகம் என்றுதான் அதற்குப் பெயர். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டது. நம் ஊரில் வெகுகாலம் ஓடிய ஐ.ஆர். 20 அப்படிப் பிறந்ததுதான். இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்.ஏ.4 என்ற மரபணு டி.கே.எம். 6-இல் இருப்பது அங்கே தெரியவந்தது. பிறகு ஆசியா முழுக்கப் பல ரகங்களில் அது ஏறியது. அது செல்சுவரை வலுப்படுத்தும் புரதம் ஒன்றை உண்டாக்குகிறது என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் பிலிப்பைன்ஸில் எக்ஸ்.ஏ.4 ரகங்கள் வயல் வயலாக நிறைந்ததும், அதுவரை மிகுந்திருந்த கிருமி வகை குறைந்து, அந்த மரபணுவைத் தாண்டக்கூடிய இன்னொரு வகை மேலே வந்துவிட்டது. பரந்த நிலத்தில் ஒரே எதிர்ப்பு மரபணு நின்றால், அதைத் தாண்டும் கிருமிக்கு மட்டும் சாப்பாடு கிடைக்கும். ரகம் கெட்டுப்போகவில்லை, கிருமிக்கூட்டம் மாறிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த யோசனைதான் பல மரபணுக்களை அடுக்குவது. ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பி.பி.டி. 5204-இல், அதாவது சம்பா மசூரியில், மூன்று மரபணுக்களைச் சேர்த்து ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளிவந்தது. மரபணு மாற்றுப் பயிர் அல்ல, ரகங்களைக் கலப்பு செய்துதான் உருவாக்கினார்கள். மூன்றும் மூன்று விதமாக வேலை செய்கின்றன. எக்ஸ்.ஏ.21, மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது, 1995-இல் அமெரிக்க விஞ்ஞானி பமீலா ரொனால்டின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. செல்லின் மேலே நின்று கிருமி சுரக்கும் ஒரு சிறு புரதத்தைப் பிடிக்கும். அந்தச் சிறு புரதமே செடியின் வளர்ச்சி ஹார்மோன் ஒன்றைப் போல வேஷம் போட்டது என்பது 2015-க்குப் பிறகு தெரிந்த சுவாரசியம். மற்ற இரண்டும் எதிர்ப்பதே இல்லை, ஒத்துழையாமை செய்கின்றன. எக்ஸ்.ஏ.13 உள்ள நெல்லில் சர்க்கரை வாயில் மரபணுவின் முன்பகுதி மாறியிருக்கும், எஃபெக்டர் ஒட்ட இடம் கிடைக்காது. எக்ஸ்.ஏ.5-இல், மரபணுவை முடுக்கக் கிருமி பயன்படுத்திக்கொள்ளும் செடிப் புரதம் ஒன்றில் சின்ன மாற்றம்.

எக்ஸ்.ஏ.13-ஐ மட்டும் வைத்தால், வேறொரு சர்க்கரை வாயிலைத் திறக்கத் தெரிந்த கிருமி வகை தாண்டிவிடும். மூன்றையும் ஒரே சமயத்தில் தாண்டுவது கடினம். கடினம் என்றுதான் சொல்கிறேன்.

விதை வாங்கும்போது 'எதிர்ப்பு ரகம்' என்பதோடு நிற்காமல் எந்த மரபணுக்கள் என்று கேளுங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்வார்கள். கடையில் சொல்ல மாட்டார்கள்.

மரபணு திருத்தம் செய்தால் ஒரேயடியாகத் தீராதா?

2019-இல் நெல்லின் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் முன்பகுதியையும் திருத்தி, கிருமிக்கு ஒட்டும் இடமே இல்லாமல் செய்து காட்டினார்கள். பலவகைக் கிருமிகளைத் தாங்கியது. இந்தியாவில் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு மரபணு திருத்திய நெல் ரகங்களும் விளைச்சல், வறட்சி போன்றவற்றுக்கானவை, இலைக்கருகலுக்கானவை அல்ல. ஒரேயடியாகத் தீரும் என்று யார் சொன்னாலும் எக்ஸ்.ஏ.4 கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் தக்காளி நேற்று வரை பச்சையாக இருந்தது, மதியம் அப்படியே தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் எழவில்லை. என்ன இது?

தண்ணீர்க் குறைவா, பூஞ்சை வாடலா, பாக்டீரியா வாடலா என்று முதலில் பிரிக்க வேண்டும். பூஞ்சை வாடலில் கீழ் இலைகள் மஞ்சளாகி, மெதுவாக மேலே ஏறும். பாக்டீரியா வாடலில் இலை பச்சையாக இருக்கும்போதே தொங்கும். முதல் ஓரிரு நாள் மாலையில் நிமிர்ந்துகூட நிற்கும், அப்புறம் எழவே எழாது.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். தண்டின் அடிப்பகுதியிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றைச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, துண்டின் ஒரு முனை மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள், அல்லது குச்சியில் கட்டித் தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, புகை இழை இறங்குவது போல நூல் நூலாகக் கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா. டம்ளரை ஆட்டினால் இழை கலைந்து தண்ணீர் லேசாகக் கலங்கிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. சமையலறை டம்ளரை இதற்கு எடுக்காதீர்கள், வீட்டில் திட்டு விழும்.

இந்தக் கிருமி மண்ணிலிருந்து வேர் வழியாக வருகிறது. வேர்நுனி தன்னைச் சுற்றி உதிர்க்கும் செல்கள் டி.என்.ஏ. இழைகளால் ஒரு பொறியை விரிக்கும், வரும் பாக்டீரியா அதில் ஒட்டிக்கொள்ளும். ரால்ஸ்டோனியா டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளைச் சுரந்து அந்தப் பொறியை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த நொதிகளை நீக்கிய கிருமியால் அவ்வளவு நோய் உண்டாக்க முடியவில்லை என்று 2016-இல் காட்டினார்கள். பின்பு சைலம் என்ற நீர்க்குழாய்க்குள் புகுந்து பெருகி, பசையைச் சுரந்து குழாயையே அடைத்துவிடும். செடி சாவது தாகத்தில்தான், தொட்டியில் தண்ணீர் ததும்பும்போதே. நீங்கள் ஊற்ற ஊற்ற எழாததற்குக் காரணம் இதுதான்.

சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று நல்லதா?

வாடல் வந்த மண்ணுக்கு மிக நல்லது. சுண்டையின் வேர் ரால்ஸ்டோனியாவை நன்றாகவே தாங்கும். வேர் சுண்டை, மேலே கத்தரி. ஒட்டு இருக்கும் இடம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள். மண்ணில் புதைந்தால் மேல்பாதி கத்தரியே வேர்விட்டுக் கிருமிக்கு வழி காட்டிவிடும். அடியிலிருந்து சுண்டை துளிர்த்தால் கிள்ளிவிடுங்கள்.

சென்னை வெயிலும் புழுக்கமும் இதில் என்ன செய்கிறது?

நிறைய. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிச் செடி ஒன்றில் செய்த சோதனைகளில், வெப்பம் 28, 30 டிகிரிக்கு ஏறியதும் அது பாக்டீரியாவுக்கு எதிராகச் சாலிசிலிக் அமிலம் தயாரிப்பதையே பெருமளவு குறைத்துவிட்டது. அந்தத் தயாரிப்பை நடத்தும் முக்கியப் புரதம் ஒன்று வெப்பத்தில் உருவாகாமல் போவதுதான் காரணம் என்று 2022-இல் தெரிந்தது. சென்னையில் மே மாத இரவே 28 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும். எல்லாப் பயிரும் அந்தச் சின்னச் செடி போல நடந்துகொள்ளாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெல்லில் எக்ஸ்.ஏ.7 என்ற மரபணு வெப்பம் கூடும்போது இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

புழுக்கம் வேறு கணக்கு. இலைக்குள் நீர் தேங்க வைக்கும் எஃபெக்டர்கள் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால்தான் பலிக்கும் என்று 2016-இல் கண்டார்கள். அதனால் பெசன்ட் நகர் மாடியிலும் அம்பத்தூர் மாடியிலும் ஒரே அறிவுரைதான் சொல்வேன்: தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள், சாயங்காலம் இலை மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

கோயம்பேட்டில் வாங்கிய உருளைக்கிழங்கு ஒன்று அழுகினால் கூடையே நாறுகிறதே, அதுவும் பாக்டீரியாவா?

பெக்டோபாக்டீரியம். செல்சுவரைக் கரைக்கும் நொதிகளால் திசுவைக் கூழாக்கிவிடும். ஆனால் நாலைந்து பேர் மட்டும் இருக்கும்போது நொதியை அவிழ்த்துவிட்டால் கரைந்த சுவர்த் துண்டுகளே செடியை எச்சரித்துவிடும். அதனால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வேதிப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். கூட்டம் பெருகி அந்தப் பொருளின் அடர்த்தி ஓர் அளவைத் தாண்டிய பிறகுதான் எல்லாமாகச் சேர்ந்து நொதியைக் கொட்டும். நேற்று நன்றாக இருந்த கிழங்கு இன்று கூழானது இதனால்தான். ஈரமில்லாமல் காற்றோட்டமாக வையுங்கள், அடிபட்டதை முதலில் சமைத்துவிடுங்கள்.

எலுமிச்சையில் சொறி சொறியாக வருகிறது.

சாந்தோமோனாஸின் இன்னொரு வகை. நெல்லில் சர்க்கரை வாயிலைத் திறப்பது போல இங்கே செல்களைப் பெருக்க வைக்கும் மரபணு ஒன்றை முடுக்குகிறது. செல்கள் வீங்கித் தோல் வெடித்து, கிருமி மழைத்துளியில் வெளியே வரும். இலைக்குள் வெள்ளைக் கோடு போடும் புழுவைக் கட்டுப்படுத்தினால் பாதிக் காயம் குறையும். சொறி வந்த கிளைகளை வறண்ட நாளில் வெட்டுங்கள்.

கத்தரிச் செடி காய்க்காமல் குட்டிக் குட்டி இலையாகப் புதர் போல ஆகிவிட்டது. இதுவும் பாக்டீரியா நோய் என்கிறார்களே?

ஆமாம், சிற்றிலை நோய். செல்சுவரே இல்லாத 'பைட்டோபிளாஸ்மா' என்ற பாக்டீரியா. தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது நேரே புளோயம் என்ற, சர்க்கரை ஓடும் குழாய்க்குள் இறக்கிவிடும், அதனால் இலைத்துளை போன்ற வாசல் தொல்லை எதுவும் அதற்கு இல்லை. இந்தக் குடும்பத்தில் நன்றாக ஆராய்ந்த ஒரு வகை, தன் புரதம் ஒன்றால் செடியின் இலை வடிவத்தையும் மாற்றுகிறது, பூச்சியை விரட்டும் ஜாஸ்மோனிக் அமிலத்தையும் குறைக்கிறது. விளைவு, தத்துப்பூச்சி அந்தச் செடியில் கூடுதலாக முட்டையிடும், கிருமிக்கு அடுத்த செடிக்குப் போக வண்டி தயார். செடியைப் பிடுங்கிவிடுங்கள். குணமாகாது.

சரி, ஆன்டிபயாடிக் தெளிக்கலாமா?

என் பதில், வேண்டாம். இலைக்குள்ளும் குழாய்க்குள்ளும் பசையால் மூடி இருக்கும் கிருமியை இலை மேல் விழும் தெளிப்பு அவ்வளவாக எட்டாது. எட்டிய இடத்தில் எதிர்ப்பு பெற்ற வகைகள் உருவாகும். அமெரிக்கப் பேரிக்காய்த் தோட்டங்களில் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு 1970-களிலேயே அது நடந்துவிட்டது. போதாததற்கு, மனிதருக்குத் தேவைப்படும் மருந்தை வயலில் ஊற்றுகிறோம். 2021 டிசம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையை விவசாயத்திலிருந்து விலக்க வரைவாணை வெளியிட்டது. தாமிர மருந்துகள் இலையின் மேற்பரப்பில் இருக்கும் கிருமியைக் குறைக்கும், உள்ளே போனதை ஒன்றும் செய்யாது. எனவே மழைக்கு முன்னால் அடித்தால்தான் பயன்.

சூடோமோனாஸ் நோய்க்கிருமி என்கிறீர்கள், உரக்கடையில் அதையே மருந்தாக விற்கிறார்களே?

இனம் ஒன்று, ஆள் வேறு. கடையில் கிடைப்பது சூடோமோனாஸ் ஃபுளுரசன்ஸ். வேரில் தங்கிச் செடியின் எதிர்ப்பை லேசாகத் தட்டி எழுப்பி வைக்கும். பிறகு நோய்க்கிருமி வந்தால் செடி வேகமாக எழுந்துகொள்ளும். விதை ஒரு கிலோவுக்கு 10 கிராம் என்று கலந்து விதைக்கலாம், தொழுவுரத்தில் கலந்து மண்ணிலும் இடலாம். நோய் வந்த பின் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. பாக்கெட்டில் காலாவதி தேதி பாருங்கள், உள்ளே உயிருள்ள பொருள். வெயிலில் வைத்து விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்து ஊற்றலாமா? யூடியூபில் சொல்கிறார்கள்.

ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு என்பதால் வந்த யோசனை. ஆய்வுக்கூடத்தில் பலன் தெரிந்திருக்கிறது. வீட்டில் அளவு தப்பினால் இலை கருகும், வளர்ச்சி குன்றும், பூச்சிக்கு எதிரான ஜாஸ்மோனிக் அமில வழியும் தாழும். மாத்திரையைத் தலைவலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிருமிகள் நமக்கு வருமா?

இலைக்கருகல், சொறி, வாடல் கிருமிகள் மனிதருக்கு நோய் தருவதில்லை. காயைக் கழுவிச் சாப்பிடலாம்.

வாடிய செடியையும் அந்தத் தொட்டி மண்ணையும் என்ன செய்வது?

செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கம்போஸ்ட் டப்பாவில் போட வேண்டாம், வீட்டுக் கம்போஸ்ட் அவ்வளவு சூடாகாது. அந்தத் தொட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போகாமல் பாருங்கள். வெட்டிய கத்திரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மண்ணில் ரால்ஸ்டோனியா ஆண்டுக்கணக்கில் இருக்கும், அதில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, இஞ்சி எதையும் வைக்காதீர்கள். கீரை, வெண்டை போடலாம். ஏப்ரல், மே மாதமென்றால் மண்ணை லேசாக நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளுக்குள் மெல்லிய படுகையாகப் பரப்பி, ஓரங்களை மூடி நாலு முதல் ஆறு வாரம் மொட்டை மாடி வெயிலில் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் உள்ளே போக வேண்டும். எல்லாக் கிருமியும் சாகாது, நன்றாகக் குறையும். அதற்குப் பிறகும் அந்த மண்ணில் தக்காளிதான் வேண்டும் என்றால், ஒட்டு நாற்றாக வாங்குங்கள்.